யூத அரசு, பாலஸ்தீன மக்கள், இடதுசாரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடதுசாரி என்றாலே இஸ்ரேலுக்கு எதிரி என்பது சரியா?

சரியில்லை. இஸ்ரேலைக் கட்டி எழுப்பியவர்களில் பெரும்பாலோர் தங்களை சோசலிஸ்டுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். 1948 முதல் 1977 வரை அந்நாட்டை ஆண்டது மப்பாய் கட்சியும் அதன் வாரிசான தொழிற்கட்சியும்தான். இஸ்ரேலைச் சட்டப்படி முழுமையாக அங்கீகரித்த முதல் நாடுகளில் சோவியத் ஒன்றியம் ஒன்று. 1948 மே 14 அன்று வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களில் ஒருவரான மெய்ர் வில்னர் கம்யூனிஸ்ட்.

அதேசமயம், பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தாயகம் வேண்டும் என்ற சியோனிசத்தை விடாப்பிடியாக எதிர்த்தவர்களும் இடதுசாரிகள்தான், அவர்களில் ஏராளமானோர் யூதர்கள். இந்த இரண்டு ஓட்டங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. இன்றைய சண்டைகளில் ஒன்றுகூடப் புதிதல்ல.

அப்படியானால் ஒரு கட்சியின் நிலைப்பாட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். யூதர்கள் ஒரு தேசிய இனமா, மதச் சமூகமா? தேசிய இனம் என்றால் அவர்களுக்குத் தனி அரசு வேண்டுமா, அதுவும் பாலஸ்தீனத்தில்தான் வேண்டுமா? அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களுக்கு என்ன உரிமை?

முதல் கேள்விக்கு "ஆம்" என்றவர்கள் இரண்டாவதற்கு "இல்லை" என்றதுண்டு. இரண்டுக்கும் "ஆம்" என்றுவிட்டு மூன்றாவதைப் பற்றி வாயே திறக்காமல் விட்டவர்கள் மிகப் பலர். ஒன்றுக்குச் சொல்லும் பதிலை மற்றதற்கும் சேர்த்துக் கொடுப்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. இன்னொரு கோளாறு, சொந்த ஆய்வை ஓரமாக வைத்துவிட்டு ஏதோ ஒரு தலைநகரம் சொல்வதை அப்படியே ஒப்பிப்பது.

ஆரம்பகால யூத இடதுசாரிகள் சியோனிசத்தை ஏன் ஏற்கவில்லை?

முதல் சியோனிச மாநாடு 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடியது. அதற்கு இரண்டு மாதத்திற்குள், அக்டோபரில், வில்னா நகரில் யூதத் தொழிலாளர் பொதுச் சங்கமான "புந்த்" தோன்றியது. லெனினின் கட்சிக்கு மூலமான ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி 1898-ல் மின்ஸ்கில் உருவானபோது, வந்திருந்த ஒன்பது பிரதிநிதிகளில் மூவர் புந்த்காரர்கள்.

புந்த் முன்வைத்த கருத்துக்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் "தோய்க்கைட்" என்று பெயர். "இங்கேயே இருத்தல்" என்று தமிழில் சொல்லலாம். நாம் பிறந்த ஊர், உழைக்கும் ஆலை, பேசும் மொழி எல்லாம் இங்கே இருக்கின்றன, உரிமையையும் இங்கேயே போராடிப் பெறுவோம், நம்மை அடிப்பவனிடமிருந்து தப்பி வேறொருவர் நிலத்தில் போய் உட்கார வேண்டாம் என்பதே அதன் சாரம். தனி நாடு கேட்கவில்லை. இத்திஷ் பள்ளி, பண்பாட்டுத் தன்னாட்சி, சம குடியுரிமை ஆகியவற்றைக் கேட்டார்கள்.

அவர்களுக்கும் லெனினுக்கும்கூட ஒத்துப்போகவில்லை. யூதத் தொழிலாளர்களின் ஒரே பிரதிநிதி தாங்கள்தான் என்று புந்த் கோரியது. 1903 மாநாடு அதை ஏற்க மறுத்ததும் வெளிநடப்புச் செய்தது. பொதுவான மொழி, நிலப்பரப்பு, பொருளாதார வாழ்வு, மனப்பாங்கு ஆகிய நான்கும் இருந்தால்தான் தேசிய இனம் என்று 1913-ல் ஸ்டாலின் எழுதியபோது, நிலப்பரப்பு இல்லாத யூதர்கள் அந்த வரையறைக்கு வெளியே நின்றார்கள். பிறகு அதே சோவியத் அரசு, தூரக்கிழக்கில் பிரோபிட்ஜான் என்ற இடத்தில் 1934-ல் யூதத் தன்னாட்சிப் பகுதி ஒன்றை ஏற்படுத்தியது. யூதர்களில் மிகச் சிலரே அங்கே போனார்கள்.

புந்த் சொன்னது சரியென்றால் அது ஏன் மறைந்தது?

வாதத்தில் தோற்று மறையவில்லை. 1938 டிசம்பரில் வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகள் வென்ற 20 இடங்களில் 17 புந்த்துக்குக் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்த வாக்காளர்களை நாஜிகள் கொன்று தீர்த்தார்கள். புந்த் தலைவர்களான ஹென்ரிக் எர்லிக்கும் விக்டர் ஆல்ட்டரும் சோவியத் சிறையில் முடிந்தார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் நடந்த எழுச்சியின் தளபதிகளில் ஒருவரான மாரெக் எடெல்மன் புந்த்காரர். போருக்குப் பிறகும் போலந்திலேயே மருத்துவராக வாழ்ந்து 2009-ல் இறந்தார்.

"இங்கேயே இருப்போம்" என்றவர்களை "இங்கே" விட்டுவைக்கவில்லை. 1945-க்குப் பிறகு யூத அரசு குறித்த இடதுசாரி மனநிலை மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. உயிர்பிழைத்த ஏறத்தாழ 2,50,000 யூதர்கள் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி முகாம்களில் கிடந்தார்கள். 1924-லேயே குடியேற்ற ஒதுக்கீட்டால் கதவைச் சாத்திய அமெரிக்கா எளிதில் திறக்கவில்லை. 1946 ஜூலையில் போலந்தின் கீல்ட்சே நகரில், சொந்த ஊர் திரும்பியவர்களில் 42 பேரைக் கும்பல் அடித்துக் கொன்றது. இந்த வரலாற்றை விட்டுவிட்டு "யூதர்கள் ஏன் ஐரோப்பாவிலேயே இருக்கவில்லை" என்று கேட்பது அநியாயம். இதற்கும் பாலஸ்தீன உழவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மறப்பதும் அதே அளவு அநியாயம்.

சோசலிச சியோனிசம் என்றால் என்ன? அதில் எங்கே கோளாறு வந்தது?

அதற்குக் கோட்பாடு கொடுத்தவர் பெர் போரோகோவ். மற்ற சமூகங்களில் அடியில் உழவரும் தொழிலாளரும் அகன்று இருப்பார்கள், மேலே வணிகரும் படித்தவரும் குறுகி இருப்பார்கள். யூதச் சமூகத்தில் அந்தக் கூம்பு தலைகீழாக நிற்கிறது. நிலத்திலும் ஆலையிலும் உழைக்கும் யூத வர்க்கம் உருவானால்தான் அது நிமிரும், அதற்கு ஒரு நிலம் வேண்டும் என்பது அவர் வாதம். தேகானியா போன்ற கிபுட்ஸ் எனும் கூட்டுப் பண்ணைகளும் 1920-ல் ஹைஃபாவில் தொடங்கிய ஹிஸ்டட்ரூட் தொழிற்சங்கமும் அதிலிருந்து வளர்ந்தவை. கிபுட்ஸில் சொத்து பொது, சாப்பாட்டுக் கூடம் பொது, வேலை முறைவைத்து. உலகெங்கும் சோசலிஸ்டுகள் அதைப் பார்த்துப் பூரித்தார்கள்.

கோளாறு எங்கே என்பதைத் தோப்புக்குள் போய்ப் பார்த்தால் தெரியும். 1930களில் கடலோர ஆரஞ்சுத் தோப்புகளின் யூத முதலாளிகள் அரபுக் கூலிகளை வைத்திருந்தார்கள், கூலி மலிவு என்பதால். ஹிஸ்டட்ரூட்டின் முழக்கம் "எபிரேய உழைப்பு". தோப்பு வாசலில் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். "எல்லோருக்கும் சமகூலி கொடு" என்பதற்காக அல்ல, "யூதரை மட்டும் வேலைக்கு வை" என்பதற்காக. தொழிற்சங்கம் முதலாளியை எதிர்ப்பதுபோலத் தோன்றும். ஆனால் வேலையிழந்து வீட்டுக்குப் போனவர் பக்கத்துக் கிராமத்து அரபுத் தொழிலாளி. அரபுகளை முழு உறுப்பினராக ஏற்க ஹிஸ்டட்ரூட் முடிவெடுத்தது 1959-ல்தான்.

நிலத்திலும் இதே கதை. யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்தை விற்கக்கூடாது, யூதரல்லாதவருக்குக் குத்தகைக்கும் விடக்கூடாது என்பது விதி. ஜெஸ்ரீல் சமவெளியில் பெரும்பரப்பை விற்றவர்கள் பெய்ரூத்தில் வாழ்ந்த சுர்சுக் குடும்பத்தார். பத்திரம் சுத்தமானது, விலையும் கொடுக்கப்பட்டது. தலைமுறையாக அந்த மண்ணை உழுத குத்தகை விவசாயிகள் மட்டும் வெளியேற வேண்டியதாயிற்று. நிலவுடைமையாளரையும் உழுபவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த சோசலிஸ்டுகள் இந்த ஓரிடத்தில் பத்திரத்தை மட்டும் பார்த்தார்கள்.

இரு மக்களுக்கும் ஒரே அரசு வேண்டும் என்று சொன்ன சியோனிஸ்டுகள் இருந்தார்களா?

இருந்தார்கள். 1925-ல் தொடங்கிய பிரித் ஷாலோம் என்ற சிறு அறிவுஜீவிக் குழுவும், கிபுட்ஸ் இயக்கமான ஹஷோமெர் ஹட்சாயிரும் இருதேசிய அரசைக் கேட்டன. சிக்கல் என்னவென்றால், யூதக் குடியேற்றம் தங்குதடையின்றித் தொடரவேண்டும் என்பதையும் ஹஷோமெர் ஹட்சாயிர் கேட்டது. சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சிய அரபுத் தரப்பு அதை ஏற்க வழியில்லை.

1948-க்குப் பிறகு அந்த இலட்சியம் எப்படி முடிந்தது என்பதற்கு கஃபர் பிரிம் சாட்சி. லெபனான் எல்லையோர மாரோனைட் கிறிஸ்தவக் கிராமம் அது. 1948 நவம்பரில் ராணுவம் "இரண்டு வாரம் வெளியே இருங்கள்" என்றது. மக்கள் பக்கத்திலுள்ள ஜிஷ்ஷுக்குப் போனார்கள். அவர்கள் இஸ்ரேலியக் குடிமக்கள். இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. 1949-ல் அந்த நிலத்தில் ஹஷோமெர் ஹட்சாயிரைச் சேர்ந்த பராம் கிபுட்ஸ் எழுந்தது. 1953 செப்டம்பர் 16 அன்று விமானப்படை வீடுகளைக் குண்டுபோட்டுத் தகர்த்தது, தேவாலயம் மட்டும் மிஞ்சியது. சோசலிசக் கிபுட்ஸ், இருதேசியக் கொள்கை, வெளியேற்றப்பட்டவர்களின் வயல் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தன.

சோவியத் ஒன்றியம் 1947-ல் பிரிவினையை ஆதரித்தது ஏன்?

1947 மே 14 அன்று ஐ.நா.வில் சோவியத் பிரதிநிதி குரோமிகோ, யூதர்கள் பட்ட வதையைச் சொல்லி, அரபு-யூத ஜனநாயகக் கூட்டரசே சிறந்தது, அது நடக்காவிட்டால் பிரிவினை என்றார். நவம்பர் 29 அன்று பொதுச்சபை 33-க்கு 13 என்ற கணக்கில் பிரிவினையை ஏற்றது, 10 நாடுகள் வாக்களிக்கவில்லை. சோவியத் ஆதரவாகவும் இந்தியா எதிராகவும் வாக்களித்தன. மக்கள்தொகையில் மூன்றிலொரு பங்கான யூதர்களுக்கு நிலத்தில் பாதிக்கு மேல் ஒதுக்கிய திட்டம் அது.

பிரிட்டனை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றுவது மாஸ்கோவின் கணக்கு. செக்கோஸ்லோவாக்கியா வழியாகத் துப்பாக்கிகளும் அவியா எஸ்-199 போர் விமானங்களும் இஸ்ரேலுக்குப் போயின. அந்த 1948 போரில் ஏறத்தாழ 7,00,000 பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அதைத்தான் அவர்கள் நக்பா, பேரழிவு, என்கிறார்கள். உலகக் கம்யூனிஸ்டு ஏடுகளில் அந்த மாதங்களில் இது அரிதாகவே பேசப்பட்டது. இந்த மௌனத்துக்கு இன்னும் முழுக்கணக்கு எழுதப்படவில்லை என்பது எங்கள் கருத்து.

பிறகு மாஸ்கோ ஏன் தலைகீழாக மாறியது?

இஸ்ரேல் மேற்கு முகாமின் பக்கம் சாய்ந்தது ஒரு காரணம். சோவியத் யூதர்கள் புதிய நாட்டின் மீது காட்டிய உற்சாகம் ஸ்டாலினுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது இன்னொரு காரணம். 1952 ஆகஸ்ட் 12 இரவு இத்திஷ் எழுத்தாளர்கள் உள்ளிட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு நவம்பரில் பிராகில் ஸ்லான்ஸ்கி வழக்கு: குற்றஞ்சாட்டப்பட்ட 14 பேரில் 11 பேர் யூதர்கள், தூக்கில் போடப்பட்டவர்கள் 11 பேர். இஸ்ரேலின் சோவியத் ஆதரவுக் கட்சியான மப்பாமின் மொர்தகாய் ஓரென் பிராகில் கைதாகி 1956 வரை சிறையிலிருந்தார்.

1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு மாஸ்கோவுக்கும் இஸ்ரேலுக்கும் உறவு முறிந்தது. 1968-ல் போலந்து அரசு "சியோனிஸ்டு எதிர்ப்பு" என்ற பெயரில் கட்சியிலும் பல்கலைக்கழகங்களிலும் இருந்த யூதர்களைத் துரத்தியது, பல்லாயிரம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். பாலஸ்தீனர் ஒருவருக்குக்கூட இதனால் ஒரு பிடி மண் திரும்பவில்லை.

பாலஸ்தீன, இஸ்ரேலியக் கம்யூனிஸ்டுகள் என்ன சொன்னார்கள்?

பாலஸ்தீனக் கம்யூனிஸ்டு கட்சி 1920களிலேயே யூதரும் அரபுகளும் சேர்ந்து இயங்கிய அபூர்வ அமைப்பு. 1943-ல் தேசிய அடிப்படையில் உடைந்தது. அரபுத் தோழர்களான எமில் தூமா, எமில் ஹபீபி, தவ்ஃபிக் தூபி ஆகியோர் தேசிய விடுதலைக் கழகம் கண்டார்கள். முதலில் பிரிவினையை எதிர்த்த அந்தக் கழகம், சோவியத் நிலைப்பாட்டுக்குப் பிறகு உள்விவாதங்களோடு அதை ஏற்று, 1948-ல் இஸ்ரேல் கம்யூனிஸ்டு கட்சியோடு இணைந்தது.

அவர்களுடைய உண்மையான மதிப்பு தெரிவது 1956 அக்டோபர் 29-ல். எல்லையோரக் கிராமமான கஃபர் காசிமில் மாலை 5 மணி முதல் ஊரடங்கு. கிராமத் தலைவருக்குத் தகவல் வந்தது 4.30-க்கு. "வயலில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வேன்" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சைக்கிளிலும் வண்டியிலும் வேலை முடிந்து திரும்பிய ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என 49 பேரை எல்லைக் காவல்படை சுட்டது. செய்திக்குத் தணிக்கை. தூபியும் வில்னரும் முற்றுகையைத் தாண்டி உள்ளே போய், உயிர்பிழைத்தவர்களிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி வெளியிட்டார்கள். வழக்கு நடந்தது. அப்பகுதித் தளபதிக்குக் கிடைத்த தண்டனை பத்து புருதா அபராதம், மிகச் சிறிய சில்லறை. அரபுக் குடிமக்கள் மீதான ராணுவ ஆட்சி 1966 வரை நீடித்தது. ஒரு யூதரும் ஓர் அரபும் சேர்ந்து போய் எழுதிவந்த அந்த வாக்குமூலங்கள், அந்த மண்ணில் இடதுசாரி அரசியல் செய்த மிகச் சிறந்த வேலைகளில் ஒன்று.

1967-க்குப் பிறகு உலக இடதுசாரிகள் ஏன் பாலஸ்தீனர் பக்கம் திரும்பினார்கள்?

அந்த ஆண்டுப் போரில் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம் எல்லாம் இஸ்ரேலின் பிடிக்குள் வந்தன. வியட்நாம், அல்ஜீரியா போராட்டங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அதைக் காலனியமாகப் பார்த்தது. இஸ்ரேலுக்கு உள்ளேயே மட்ஸ்பென் என்ற சிறு குழுவைச் சார்ந்தோர் உள்ளிட்ட 12 பேர், 1967 செப்டம்பர் 22 அன்று ஒரு நாளேட்டில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆக்கிரமிப்பு அந்நிய ஆட்சியைக் கொண்டுவரும், அது எதிர்ப்பை, எதிர்ப்பு ஒடுக்குமுறையை, ஒடுக்குமுறை பயங்கரவாதத்தைக் கொண்டுவரும், ஆகவே உடனே வெளியேறுவோம் என்றது அது. போர் முடிந்து மூன்று மாதம் சற்றே கடந்திருந்தது. நாடே வெற்றிக் கொண்டாட்டத்தில் இருந்தது.

போலந்தில் பிறந்த மார்க்சியரான ஐசக் டாய்ட்சர் ஓர் உவமை சொன்னார். எரியும் வீட்டு மாடியிலிருந்து ஒருவன் குதிக்கிறான். கீழே நின்றவன் மேல் விழுந்து அவன் கைகால் முறிகிறது. குதித்தவனுக்கு வேறு வழியில்லை, அடிபட்டவனோ எந்தத் தப்பும் செய்யாதவன். நியாயமாக நடந்தால் ஒருவன் இழப்பீடு தருவான், மற்றவன் அவன் நிலைமையைப் புரிந்துகொள்வான். ஆனால் நடந்தது வேறு என்றார். இந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. குதித்தவன் 1967-க்குப் பிறகு கீழே இருந்தவன் வீட்டில் அறை அறையாகப் புகுந்துகொண்டிருப்பது இதில் அடங்காது. மேற்குக் கரையின் முதல் குடியேற்றங்களை அனுமதித்ததும் தொழிற்கட்சி அரசுதான்.

புதிய இடதுசாரிகள் செய்த தவறுகள்?

சொல்லியே ஆகவேண்டும். 1969 நவம்பர் 9 அன்று, யூத வழிபாட்டிடங்களை நாஜிகள் எரித்த நாளின் நினைவு நிகழ்ச்சி நடந்த மேற்கு பெர்லின் யூதர் மன்றத்தில் ஒரு ஜெர்மன் இடதுசாரிக் குழு குண்டு வைத்தது. வெடிக்கவில்லை. 1976-ல் பாரிஸ் விமானத்தைக் கடத்தி உகாண்டாவின் என்டெபியில் இறக்கியவர்களில் இருவர் ஜெர்மன் இடதுசாரிகள். பயணிகளை இஸ்ரேலியர், மற்றவர் என்று பிரித்து நிறுத்தினார்கள். "நாங்கள் நாஜி எதிர்ப்பாளர்களின் பிள்ளைகள், எங்களிடம் யூத வெறுப்பு வராது" என்ற நம்பிக்கைதான் அவர்களைக் கவிழ்த்தது.

சியோனிச எதிர்ப்பும் யூத வெறுப்பும் ஒன்றா?

இல்லை. ஆனால் முதலாவதற்குள் இரண்டாவது ஒளிந்துகொள்ள முடியும். சோதித்துப் பார்க்கும் வழி:

1. வாக்கியத்தில் "சியோனிஸ்டு" என்பதை எடுத்துவிட்டு "யூதர்" என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் ஓடினால் எழுதியவர் ஆரம்பத்திலிருந்தே யூதரைத்தான் சொல்கிறார்.
2. பாரிஸிலோ நியூயார்க்கிலோ வாழும் ஒரு யூதர் இஸ்ரேல் ராணுவத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறதா?
3. வங்கி, ஊடகம், ரகசியக் கை என்ற பழைய கதைகள் வருகின்றனவா?
4. நாஜிப் படுகொலையைக் குறைத்துப் பேசுகிறதா?

எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு, அதை யாரும் செய்வதில்லை. "அரபுகளுக்குத்தான் 22 நாடுகள் இருக்கின்றனவே", "பாலஸ்தீனர் என்று ஒரு இனமே கிடையாது" என்ற பேச்சும் ஒரு மக்களை ஒட்டுமொத்தமாக இல்லாதவர்களாக்கும் இனவெறிதான்.

பிரிட்டிஷ் தொழிற்கட்சி கதையில் இரண்டு ஓரமும் தெரியும். 1944 மாநாட்டில் அது, யூதர்கள் உள்ளே வர அரபுகளை வெளியேற ஊக்குவிப்போம் என்று தீர்மானம் போட்டது. 2020 அக்டோபரில், கோர்பின் தலைமையிலிருந்த காலத்தில் யூத வெறுப்புப் புகார்களைக் கையாண்டதில் சட்டமீறல் இருந்தது என்று சமத்துவ ஆணையம் கண்டது. அங்கே பெரிய சண்டை நடந்தது யூத வெறுப்பு எது என்று சொல்ல 2016-ல் வெளியான ஐஎச்ஆர்ஏ (சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு) வரையறை பற்றி. அதன் 11 எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இஸ்ரேலைத் தொடுகின்றன. பாலஸ்தீனர் தம் அனுபவத்தைச் சொல்வதையே அது முடக்கும் என்ற கவலை நியாயமானது. அதற்கு மாற்றாக 2021-ல் அறிஞர்கள் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம், இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோருவது தன்னளவில் யூத வெறுப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது.

"இஸ்ரேலுக்கு இருப்பதற்கான உரிமை உண்டா?" என்று கேட்டால்?

கேட்பவர் எதைக் கேட்கிறார் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே வாழும் எபிரேய மொழி பேசும் மக்கள் பாதுகாப்பாக, சம உரிமையோடு, தம் மொழியோடு வாழலாமா? ஆம், கேள்விக்கே இடமில்லை. நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களை "வந்த இடத்துக்குப் போ" என்பது இடதுசாரித்தனம் அல்ல. அவர்களில் பாதிப்பேரின் குடும்பங்கள் ஈராக், யேமன், மொராக்கோ போன்ற நாடுகளிலிருந்து வந்தவை, திரும்பிப் போக இடமும் இல்லை.

ஒரு இனத்துக்கு மட்டும் மேலுரிமை தரும் அரசமைப்பு இருக்கலாமா என்பது வேறு கேள்வி. 2018 ஜூலையில் 62-க்கு 55 என நிறைவேறிய தேசிய அரசுச் சட்டம், இஸ்ரேலில் தேசியச் சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது. அரபு மொழி ஆட்சிமொழித் தகுதியை இழந்தது. குடிமக்களில் ஐந்தில் ஒருவர் அரபு. இதை எதிர்ப்பது யாரையும் கடலில் தள்ளுவதாகாது.

1993 செப்டம்பரில் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரஃபாத்தும் இஸ்ரேல் பிரதமர் ரபினும் பரிமாறிய கடிதங்களைப் பாருங்கள். இஸ்ரேல் அமைதியாகவும் பாதுகாப்பாகவும் இருப்பதற்கான உரிமையை அரஃபாத் ஏற்றார். பதிலுக்கு ரபின் ஏற்றது பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அந்த மக்களின் பிரதிநிதியாக மட்டுமே. பாலஸ்தீன அரசு என்ற சொல் அதில் இல்லை.

ஒரே அரசா, இரண்டு அரசா?

இடதுசாரிகள் இதில் பிரிந்தே நிற்கிறார்கள். அனைவருக்கும் பொதுவான ஜனநாயக அரசு என்பது 1969 வாக்கில் பாலஸ்தீன இயக்கம் முன்வைத்த இலக்கு. 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸில் அது இரு அரசு வழிக்கு வந்தது. பாலஸ்தீனக் கம்யூனிஸ்டுகள் அதற்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

இன்று யோர்தான் ஆற்றுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 70 லட்சம் யூதர்கள், ஏறத்தாழ அதே அளவு பாலஸ்தீனர்கள். கிழக்கு ஜெருசலேமையும் சேர்த்தால் குடியேறிகள் 7 லட்சம் அளவில். இரு அரசு என்பவர் இந்தக் குடியேற்றங்களை என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். ஒரே அரசு என்பவர், அதை விரும்பாத இரண்டு தரப்பையும் எந்த வழியில் அதற்குள் கொண்டுவருவது என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்தில்தான் மழுப்புகின்றன.

2023 அக்டோபர் 7-க்குப் பிறகு இடதுசாரிகள் பேசியது சரியா?

ஒரு பகுதியினர் பேசியது வெட்கக்கேடு. அன்று ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 1,200 பேர், பிணையாகக் கொண்டுபோகப்பட்டோர் ஏறத்தாழ 250. பெயெரி கிபுட்ஸில் கொல்லப்பட்ட விவியன் சில்வர், காசா நோயாளிகளை இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துச்சென்ற அமைதிச் செயற்பாட்டாளர். அதை "எதிர்ப்பு" என்ற ஒற்றைச் சொல்லால் மூடியவர்கள், குடிமக்களைக் கொல்லக்கூடாது என்ற தங்கள் சொந்த விதியையே கைவிட்டார்கள்.

மறுபக்கம், அந்த நாளைச் சொல்லி அடுத்து நடந்ததை நியாயப்படுத்தியவர்களும் இடதுசாரிப் பெயரில் இருந்தார்கள். காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இறந்தோர் எண்ணிக்கை 2025 ஜூலை இறுதியில் 60,000-ஐத் தாண்டியது. பட்டினி போட்டார்கள், மருத்துவமனைகளை இடித்தார்கள். 1,200-க்கு அழுது 60,000-ன் கணக்கைச் சந்தேகிப்பதும், 60,000-க்கு அழுது 1,200-ஐத் தாண்டிப் போவதும் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்புதான்.

இஸ்ரேலிய இடதுசாரிகள் இன்று எங்கே?

1992 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 44 இடம், இன்னொரு இடதுசாரிக் கட்சியான மெரெட்ஸுக்கு 12. 2022-ல் தொழிற்கட்சிக்கு 4, மெரெட்ஸ் 3.25 சதவீத வாசலைத் தாண்டவே இல்லை. ரபின் கொலை, இரண்டாம் இன்திஃபாதா எனும் பாலஸ்தீன எழுச்சிக் காலத்தின் தற்கொலைக் குண்டுகள், குடியேற்றங்களின் வளர்ச்சி எல்லாம் சேர்ந்து அரித்தன. யூதரும் அரபுகளும் சேர்ந்த ஹதாஷ் கட்சி சிறிதாக, ஆனால் விடாமல் நிற்கிறது.

இந்திய இடதுசாரிகளின் நிலை?

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் 1967 எல்லைகளில், கிழக்கு ஜெருசலேமைத் தலைநகராகக் கொண்ட பாலஸ்தீன அரசைக் கேட்கின்றன. இஸ்ரேலுடனான ஆயுத உறவை நிறுத்தச் சொல்கின்றன. இஸ்ரேலை இந்தியா 1950-ல் அங்கீகரித்தது, தூதரக உறவு 1992-ல்தான். சியோனிசம் இனவாதத்தின் ஒரு வடிவம் என்ற 1975 ஐ.நா. தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 1991-ல் அதை ரத்துசெய்யவும் வாக்களித்தது. இதைச் சொல்லாமல் "இந்தியா என்றும் பாலஸ்தீனத்தின் நண்பன்" என்று எழுதுவது அரைகுறை.

ஈழத் தமிழர் பேச்சில் இஸ்ரேலும் பாலஸ்தீனமும் மாறிமாறி வருவது ஏன்?

இரண்டுக்கும் வேர் உண்டு. 1970களில் ஈழப் போராளி அமைப்பான ஈரோஸ் இயக்கத்தவர் லெபனானில் பாலஸ்தீன அமைப்பிடம் பயிற்சி பெற்றார்கள். இலங்கைப் படைக்கு டிவோரா படகுகளும், 1996 முதல் கிஃபிர் விமானங்களும் இஸ்ரேலிலிருந்து வந்தன. அதேவேளை "நாடற்ற யூதர்கள் நாடு கண்டதுபோல" என்ற ஏக்கமும் மேடைகளில் உண்டு. அந்த ஒப்புமையைச் சொல்பவர், காணியிழந்தவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் ராணுவ வேலிக்கு வெளியே நின்றவருக்கு, பிரிம் கிராமத்தாரின் நிலை விளக்காமலே புரியும்.

சங்கக் கூட்டத்தில் பாலஸ்தீன ஆதரவுத் தீர்மானம் எழுதுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் பத்தியிலேயே கோரிக்கையை வையுங்கள்: போர்நிறுத்தம், நிவாரணப் பொருள் அனுமதி, ஆயுத ஏற்றுமதித் தடை என்று நிறைவேற்றக்கூடியதாக. "ஏகாதிபத்தியத்தை முறியடிப்போம்" என்பதோடு நின்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

செய்தவரைச் சரியாகச் சொல்லுங்கள். "யூதர்கள் குண்டு வீசினர்" என்று எழுதாதீர்கள், "இஸ்ரேல் ராணுவம்" என்று எழுதுங்கள். "காசா இஸ்லாமியர்கள்" என்று எழுதாதீர்கள், "பாலஸ்தீனர்கள்" என்று எழுதுங்கள். பாலஸ்தீன மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ஜார்ஜ் ஹபாஷ் கிறிஸ்தவர், 1948-ல் லித்தா நகரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பம். பிரச்சினையை மதச்சண்டையாக எழுதினால் இங்கே அதை வைத்து அரசியல் செய்பவர்களுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

சட்ட ஆதாரத்தை எண்ணோடும் தேதியோடும் தாருங்கள். அகதிகள் திரும்புவது பற்றி 1948 டிசம்பர் 11-ன் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் 194. ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்ற சர்வதேச நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்து 2024 ஜூலை 19. புறக்கணிப்பைக் கோருவதானால், 2005 ஜூலை 9-ல் பாலஸ்தீன அமைப்புகள் விடுத்த அழைப்பின் மூன்று கோரிக்கைகளையும் எழுதுங்கள்: ஆக்கிரமிப்பை முடித்துச் சுவரை அகற்றுவது, இஸ்ரேலின் அரபுக் குடிமக்களுக்கு முழுச் சமத்துவம், அகதிகள் திரும்பும் உரிமை. புறக்கணிப்பது நிறுவனத்தை, யூதப் பெயர் கொண்ட ஆளை அல்ல என்று ஒரு வரி சேருங்கள்.

"ஆற்றிலிருந்து கடல்வரை" என்ற முழக்கத்தைப் போடுவதானால், அங்கே வாழும் எல்லோருக்கும் சம உரிமை என்பதை அடுத்த வரியிலேயே எழுதுங்கள். இஸ்ரேலிய வலதுசாரிக் கட்சியான லிகுட்டின் 1977 தேர்தல் அறிக்கையும் கடலுக்கும் யோர்தானுக்கும் இடையே இஸ்ரேல் இறையாண்மை மட்டுமே என்றது. ஆகவே அந்த நிலப்பரப்பைச் சொல்வதால் மட்டும் எதுவும் தெளிவாகாது.

இறந்தோர் எண்ணிக்கை தினமும் மாறும். யார் வெளியிட்ட கணக்கு, எந்தத் தேதி வரை என்பதை அதே வாக்கியத்தில் எழுதி, அச்சுக்குப் போகும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள். பாலஸ்தீனம், பலஸ்தீனம் இரண்டும் வழக்கில் உண்டு. இலங்கை ஏடுகளில் பின்னது அதிகம். ஒரு தீர்மானத்துக்குள் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.